துடுப்பன் வாசல்

காட்டாறு ஒன்று வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு நீர்நாய்க் கூட்டம் இருந்தது. மணல் கரையில் வளை தோண்டி வாழ்ந்தார்கள். பகலெல்லாம் நீந்தினார்கள். சண்டை போட்டார்கள். சாப்பிட்டதும் சண்டையை மறந்தார்கள்.

அவர்கள் தனித்தனியாக மீன் பிடிப்பதில்லை. பக்கம் பக்கமாகச் சேர்ந்து, வில்லைப் போல வளைந்து நீந்துவார்கள். ஆழத்தில் இருக்கும் மீன்களைக் கரையோரத்துக்கு விரட்டுவார்கள். இதற்கு ‘வில் கட்டுவது’ என்று பெயர். வில்லில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. நடு இடம் துடுப்பனுடையது. அவன் வால் துடுப்பைப் போல அகலமானது. அவனைத் தாண்டி ஒரு மீன் தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பலத்த காற்று அடித்தது. கரையில் இருந்த மருத மரம் சாய்ந்தது. துடுப்பன் அதன் அடியில் சிக்கி இறந்துபோனான்.

அவன் மனைவி பாசினி வளைக்குள் போய்ச் சுருண்டு படுத்தாள். பிறகு வெளியே வரவில்லை.

கூட்டத்தார் இரக்கமுள்ளவர்கள். தினமும் பிடித்ததில் நல்ல மீனாகப் பார்த்து அவள் வாசலில் வைத்தார்கள்.

“நீ அசையவே வேண்டாம் பாசினி! நாங்க எதுக்கு இருக்கோம்?” என்றார்கள்.

சிலர் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். “எங்க சித்தப்பா போனப்போ நானும் இப்படித்தான்...” என்று தொடங்கி, தங்கள் கதையைச் சொல்லி அழுதார்கள். கடைசியில் பாசினிதான் அவர்களைத் தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

அவள் வால் பக்கம் ஒரு வாய் கடிப்பாள், அவ்வளவுதான். மீதி மீன் வாசலிலேயே கிடந்தது. ஆனால் வெகுநேரம் கிடக்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு மடையான் இருந்தான். குளக்கரைகளில் தலையை உள்ளிழுத்துக்கொண்டு நிற்குமே, அந்தப் பழுப்புக் கொக்கு. யாராவது வாய் தவறி ‘மடையன்’ என்று கூப்பிட்டுவிட்டால் அவனுக்குப் பொறுக்காது.

“மடையான்! பேருக்கு நடுவுல ஒரு கால் இருக்கு! முழுங்காமச் சொல்லு!” என்பான்.

மடையான் பாசினியின் வாசலில் வந்து நின்றான். “நீ சாப்பிடலையா அக்கா? மனசு எப்படி வரும்! ஆனா வீணாக்கக் கூடாது பாரு” என்று சொல்லி மீனை விழுங்கினான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். அவன் கழுத்து தடித்தது. இறக்கை மினுமினுத்தது.

ஒரு நாள் காலையில் வளைக்குள் புழுக்கமாக இருந்தது. ஆற்றின் சத்தம் பக்கத்தில் கேட்டது. பாசினி எழுந்து வாசல்வரை வந்தாள். ஒரு முன்னங்காலை மட்டும் வெளியே வைத்தாள்.

“ஐயையோ!” என்று மடையான் அலறினான். “எங்க கிளம்பிட்டே அக்கா? தண்ணிக்கா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? அதுக்குள்ள மறந்துட்டாளேன்னு சொல்ல மாட்டாங்க? நிஜமான துக்கம் வாசலைத் தாண்டாது!”

பாசினி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மடையான் நிம்மதியாக மீனைத் திருப்பிப் பார்த்தான். தலைப் பக்கமாக விழுங்கினால்தான் தொண்டையில் குத்தாது.

ஆற்றில் வேறொரு தொல்லை நடந்துகொண்டிருந்தது. நீர்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் இடத்தில் யாரும் நீந்தக் கூடாது. அவருடைய இணை ஆற்றுக்கு வந்து, ‘இந்த இடத்தில் இன்னார் நிற்கட்டும்’ என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். துக்கத்தில் இருப்பவளிடம் போய் இதை எப்படிக் கேட்பது? யாரும் கேட்கவில்லை. நடுவில் ஓர் இடைவெளியோடு வில் கட்டினார்கள். மீன்கள் அதன் வழியாகப் போயின. பிடிபட்ட கொஞ்சத்தில் பெரியது பாசினி வாசலுக்குப் போனது. மற்றவர்கள் அரை வயிற்றோடு படுத்தார்கள்.

துடுப்பனின் தங்கை நழுவி. வாய்த்துடுக்குக்காரி. தினமும் மீனோடு வந்து உட்காருபவள், ஒரு நாள் வெறும் வாயோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு மீன் இல்லை அண்ணி.”

பாசினி பதில் சொல்வதற்குள் மடையான் துள்ளி முன்னே வந்தான். “மீன் இல்லையா? அப்போ நான் என்ன சாப்பிடுறது?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. “அதாவது... அக்கா என்ன சாப்பிடுவாங்கன்னு கேட்டேன்” என்று முனகினான்.

பாசினி அவனைப் பார்த்தாள். கொழுத்த கழுத்தைப் பார்த்தாள். பிறகு நழுவியைப் பார்த்தாள். நழுவியின் விலா எலும்புகள் தெரிந்தன. இத்தனை நாளும் எதிரே வந்து உட்கார்ந்தவளைத் தான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை என்பது பாசினிக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஏன் மீன் இல்லை?” என்று கேட்டாள்.

“வந்து பாரு” என்றாள் நழுவி.

பாசினி மெல்ல நடந்து ஆற்றங்கரைக்குப் போனாள். கால்கள் பின்னின. கூட்டத்தார் வில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையோரம் கெண்டை மீன்கள் கூட்டமாக ஓடி வந்தன.

“பதறாதீங்கடி! வரிசையா வாங்க! இப்படித் திரும்பினா துடுப்பன் வாசல்!” என்று ஒரு கெண்டை கத்தியது.

“எது, அந்தப் பெரிய ஓட்டையா?”

“அதுதான்! துடுப்பன் வாசல்! அது வழியாப் போனா ஒரு பயலும் தொட மாட்டான்!”

கெண்டைகள் சிரித்துக்கொண்டே நடு இடைவெளியில் நுழைந்து ஆழத்துக்குப் போயின.

பாசினி அதைக் கேட்டாள். ஒரு மீனையும் தப்பவிடாதவன் பெயர் மீன்கள் தப்பிக்கும் வழிக்கு! அவள் யோசிக்கவில்லை. தண்ணீரில் பாய்ந்தாள்.

பாய்ந்த வேகத்தில் மூழ்கினாள்.

நீர்நாயின் உரோமம் ஒரு மாதிரி. தினமும் நீந்தி, மணலில் புரண்டு, நக்கி நீவிவிட்டால்தான் அது தண்ணீரை உள்ளே விடாது. பாசினி பல வாரங்களாகச் சுருண்டு கிடந்தவள். தண்ணீர் தோல்வரை இறங்கியது. உடம்பு கல்லாகக் கனத்தது. வில் கலைந்தது. நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடரியில் கவ்விக் கரைக்கு இழுத்தார்கள்.

“நீர்நாய் தண்ணியில முங்கிச் சாகப் பார்த்துச்சுன்னு வெளியில சொன்னா நம்புவாங்களா?” என்று நழுவி கத்தினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஆடி வந்தா புதுவெள்ளம் வரும் அண்ணி. இந்தக் கரை முழுகிடும். எல்லாரும் அக்கரைப் பாறைக்கு நீந்தணும். வாசல்ல மீன் வைக்கலாம். உன் பங்குக்கு யாரால நீந்த முடியும்?”

பாசினி குளிரில் வெடவெடத்தாள். எல்லோரும் அவளை மணலில் உருட்டினார்கள். தாங்களும் கூடப் புரண்டார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. “தள்ளிப் படுடா, என் காதை மிதிக்கிறே!” என்ற சத்தம்தான் கேட்டது.

அன்று முதல் தினமும் காலையில் யாராவது இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். சில நாள் பாசினி வந்தாள். சில நாள், “இன்னைக்கு முடியாது” என்றாள்.

“சரி, நாங்களும் போகலை” என்று சொல்லி அவர்கள் வளைக்குள் நுழைந்து அவள் மேலேயே படுத்துக்கொள்வார்கள். ஈர வாலும் குறட்டையும் தாங்காமல் பாசினி வெளியே ஓடி வருவாள்.

முதலில் ஓரத்தில் தண்ணீரை அளைந்தாள். பிறகு சின்னப் பாறைவரை நீந்தினாள். பிறகு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினாள். நீந்தும்போது அழ மூச்சு பத்தவில்லை. மூச்சு வாங்க நின்றபோது அழுதாள். நழுவி பக்கத்தில் மிதந்தபடி காத்திருந்தாள். அழுது முடிந்ததும், “போலாமா?” என்றாள். அவ்வளவுதான். இரவில் உடம்பு அலுத்துத் தூக்கம் வந்தது. காலையில் பசி வந்தது. ஆனால் துடுப்பன் இடத்துக்கு இன்னொருவர் பெயரைச் சொல்ல மட்டும் அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை; மற்றவர்களும் கேட்கவில்லை.

வாசலில் மீன் கிடக்காததால் மடையானுக்கு வயிறு காய்ந்தது. ஒரு நாள் பாசினி கரையேறும்போது வழிமறித்தான்.

“நல்லாத்தான் விளையாடுறே அக்கா! அவரை மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போகலாமே!”

அந்தச் சொல் குத்தியது. பாசினி நேராக வளைக்குப் போனாள். மறுநாள் அவள் வரவில்லை. மேலே வந்து படுத்தவர்களையும், “போங்க” என்று அனுப்பிவிட்டாள். நாள் முழுவதும் இருட்டில் கிடந்து, துடுப்பனை நினைத்துப் பார்த்தாள். மரம் சாய்ந்தது. கிளை முறிந்தது. அவன் கால் துடித்தது. மறுபடியும் மரம் சாய்ந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஆற்றில் அப்படி இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. நேற்று சுழல் பக்கம் திரும்பியபோது, துடுப்பன் முங்குவதற்கு முன் ஒரு முறை இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பது ஞாபகம் வந்ததே! நத்தையைக் கடித்துப் பல் வலித்து அவன் நாள் முழுக்க முனகியது ஞாபகம் வந்ததே!

அவள் எழுந்து வெளியே வந்தாள். மடையான் வாசலில் ஆவலோடு நின்றான்.

“மடையான் தம்பி, இதைக் கேட்டுக்கோ” என்றாள் பாசினி. “வளைக்குள்ள கிடந்தா அவர் செத்தது மட்டும்தான் ஞாபகம் வருது. தண்ணிக்குள்ள போனா அவர் வாழ்ந்தது ஞாபகம் வருது. நான் எதை மறந்துட்டேன்னு நீயே சொல்லு!”

மடையான் கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்த்தான். வாசலில் மீன் இல்லை. பறந்து போனான்.

அந்த வருடம் வெள்ளம் ஆடிக்குக் காத்திருக்கவில்லை. ஆனி பாதியிலேயே மலையில் மழை கொட்டியது. ஒரு நண்பகலில் ஆறு செம்மண் நிறமாகித் திரண்டு வந்தது. கரை சரிந்தது. வளைகளில் தண்ணீர் ஏறியது.

“அக்கரைக்கு! தனியாப் போனா வெள்ளம் இழுத்துடும், வில் கட்டுங்க!” என்று சத்தம் எழுந்தது.

எல்லோரும் ஆற்றில் இறங்கி அவரவர் இடத்தில் சேர்ந்தார்கள். பாசினி வில்லின் ஓரத்தில் தன் இடத்தில் நின்றாள். நடுவில் இடைவெளி அப்படியே இருந்தது. நீரின் வேகம் அங்கேதான் அதிகம். அந்த வழியாகப் பாய்ந்த வெள்ளம் வில்லை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி சுழலை நோக்கி இழுபட்டது. நழுவி அந்தப் பாதியில் இருந்தாள்.

இந்த நிலையிலும் யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை. எல்லோரும் பாசினியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாசினி வாலை வீசி நடுவுக்கு நீந்தினாள். “இந்த இடத்தில் நான் நிற்கட்டும்!” என்று உரக்கச் சொன்னாள். “சேருங்க! என் பக்கமா சேருங்க!”

வெள்ளம் அவள் மார்பில் மோதியது. கழுத்து வலித்தது. பின்னங்கால்கள் எரிந்தன. ஆனால் உரோமத்தில் நீர் இறங்கவில்லை. அவளை ஒட்டி இரு பக்கமும் மெல்லச் சேர்ந்தன. சுழல் விலகிப் போனது. எல்லோரும் அக்கரைப் பாறையில் ஏறிக் குப்புற விழுந்தார்கள்.

“அண்ணி, அடுத்த முறை கொஞ்சம் சீக்கிரமாச் சொல்லு. பாதி ஆறு என் வயித்துக்குள்ள போயிடுச்சு” என்றாள் நழுவி.

பாசினிக்குச் சிரிப்பு வந்தது. மரம் சாய்ந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. சிரித்ததும் கொஞ்சம் வலித்தது. இருந்தாலும் சிரித்தாள்.

வெள்ளம் வடியத் தொடங்கியது. பாறையின் மறுகோடியில் மடையான் நின்றுகொண்டிருந்தான். அவன் கூடு இருந்த மரத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கூட்டில் இருந்த முட்டைகளும் போய்விட்டன. அவன் தலையை உள்ளிழுத்துக்கொண்டு, நனைந்த இறக்கையைக்கூட உதறாமல் நின்றான்.

பாசினி அவனிடம் போனாள்.

“மீன் கொண்டு வரலையா?” என்று கேட்க நினைத்தான் மடையான். ஆனால் அவனுக்குப் பசியே இல்லை. “என்னை விட்டுடு அக்கா” என்றான்.

“கரையோரமாக் கொஞ்சம் நடந்துட்டு வருவோம். வா.”

“எனக்கு மனசில்லை.”

“மனசு வர வேண்டாம். கால் மட்டும் வந்தாப் போதும். மனசு பின்னாடி வரும்.”

மடையான் அசையவில்லை. பாசினியும் நகரவில்லை. நழுவி வந்து இன்னொரு பக்கம் நின்றாள். அவன் செய்ததையெல்லாம் சொல்லிக்காட்ட அவளுக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மடையான் ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தான். பிறகு மற்றக் காலையும் வைத்தான். மூவரும் பாறையை விட்டு இறங்கி ஈர மணலில் மெதுவாக நடந்தார்கள்.

துக்கத்தில் இருப்பவரை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதைவிட, எழுப்பிக் கூட நடப்பதே நல்ல துணை. உடம்பு அசைந்தால் மனமும் மெல்ல எழும்.