பேரு கேட்டு வந்த பூமிநாதன்

குருன்னா தாடி வேணும்னு யாரு சொன்னது. திண்டுக்கல்லுல ஒரு குருவுக்கு தாடியும் இல்ல, காவியும் இல்ல, கையில கரண்டிதான் இருந்துச்சு. பேரு கொடியக்கா. அவங்க மெஸ்ஸுல ஒரு கவளம் சாப்பிடுறதுக்காகவே லாரி டிரைவருங்க ரூட்ட மாத்துவாங்க.

அந்த அடுப்படியில வெங்காயம் உரிச்சுத் தொழில் கத்துக்கிட்டவரு பூமிநாதன். இன்னிக்கு பைபாஸுல மூணு ஏசி ஹோட்டலுக்கு முதலாளி. நாலாவது கடைக்கு ‘கொடியக்கா மெஸ்’னு பேரு வைக்க அனுமதி கேட்டிருந்தாரு. அக்கா பதிலே சொல்லல. ஆனா கூட வெங்காயம் உரிச்ச இருளப்பன், தன்னோட தள்ளுவண்டியில அந்தப் பேர எழுதிட்டான். அக்காவே எழுதிக்கச் சொன்னாங்களாம்.

கேள்விப்பட்டதும் பூமிநாதன் வந்து இறங்குனாரு. கருப்புக் கார் கதவச் சாத்துன சத்தத்துலயே விஷயம் தெரிஞ்சுபோச்சு.

"இது நியாயமாக்கா?"

"எதுடா?"

"எனக்கு மூணு கடை. அவனுக்கு நாலு சக்கரம், அதுலயும் ஒண்ணு ஆடுது. அவனுக்குப் பேரக் குடுத்திருக்கீங்க."

"கேட்டான், குடுத்தேன்."

"நானும்தானே கேட்டேன். தட்டுல பழத்தோட வந்து கேட்டேன். பழத்த மட்டும் வாங்கி வச்சுக்கிட்டீங்க."

"நல்ல பழம்."

"சிரிக்காதீங்கக்கா, எனக்குப் பத்திக்கிட்டு வருது. எத்தனை குடும்பத்துக்கு வேல குடுக்குறேன். டிவியில கூப்பிட்டுப் பேட்டி எடுக்குறான். எப்படிங்க ஜெயிச்சீங்கன்னு கேட்டா உங்க பேரத்தான் சொல்றேன். அவன் என்னத்தக் கிழிச்சான்? எனக்கு என்ன கொறச்சல், அத மட்டும் சொல்லுங்க."

அக்கா கையக் கழுவி முந்தானையில தொடச்சாங்க.

"பசிக்குது. உன் கடைக்குப் போலாம், வா."

ஹோட்டல்ல மத்தியானக் கூட்டம். எடம் கெடைக்காம ஜனம் வாசல்ல நிக்குது. பூமிநாதன் நெஞ்ச நிமித்திக்கிட்டு முன்னால நடந்தாரு. திரும்பிப் பாத்தா அக்காவக் காணோம். அவங்க நேரா அடுப்படிக்குப் போயிட்டாங்க. பூமிநாதனும் பின்னாலயே ஓடுனாரு.

"இது எப்ப வச்ச கொழம்பு?"

"முந்தாநாளுக்கா. பிரிட்ஜுல வச்சு, தெனம் கொஞ்சம் புதுசு ஊத்தி ஓட்டிக்கிட்டே இருப்போம். ஒரு சிட்டிக கலர். ஒருத்தனுக்கும் தெரியாது. மூணு கடைக்கும் ஒரே ருசி வரணும்ல."

"எண்ணெய்?"

"கருத்ததும் மாத்திருவோம்."

எண்ணெய் ஏற்கனவே அவரு கார் கலர்ல இருந்துச்சு.

அக்கா ஹாலுக்கு வந்து நடு டேபிள்ல உக்காந்தாங்க.

"எனக்கு ஒரு எல போடு. நீயும் உக்காரு."

"நான் அப்புறம் சாப்பிட்டுக்குறேங்க்கா. வீட்டுல இருந்து கேரியர் வந்துரும்."

அக்கா மெஸ்ஸுல ஒரு வழக்கம் உண்டு. கடை தொறந்ததும் மொத எல அவங்களுக்குத்தான். ஹால் நடுவுல, எல்லாரும் பாக்க, அன்னிக்கு ஆக்குனத அவங்க மொதல்ல சாப்பிடுவாங்க. அப்புறம்தான் பந்தி. இருளப்பனும் வண்டிய நிறுத்துனதும் நின்னுக்கிட்டே ஒரு தட்டு சாப்பிட்டுட்டுத்தான் அடுத்தவங்களுக்குப் போடுவான். பூமிநாதன் கடையில மொத எல போட்டோ எடுக்குற கேமராவுக்கு.

எல வந்துச்சு. அக்கா சோத்துல கொழம்ப ஊத்திப் பெசஞ்சாங்க. உருட்டுனாங்க. அவரு வாய்க்கு நேரா நீட்டுனாங்க.

"வாயத் தொற."

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இத முழுங்கு. நாலாவது கடைக்கு என்ன, நாலு கடைக்கும் என் பேர எழுதிக்க. பெயிண்டர நானே கூட்டியாறேன்."

பூமிநாதன் உருண்டையப் பாத்தாரு. எண்ணெய் அக்கா வெரல் வழியா மணிக்கட்டுக்கு எறங்குது. பக்கத்து டேபிள்ல ஒரு அம்மா அதே கொழம்புல சோத்தப் பெசஞ்சு, ஊதி ஊதி, மடியில இருந்த பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டிருந்துச்சு.

பூமிநாதன் குனிஞ்சு, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னாரு.

"வேணாங்க்கா. எனக்கு இது ஒத்துக்காது."

அக்கா கைய எறக்கல. பக்கத்து டேபிளப் பாத்தாங்க. திரும்பி அவரப் பாத்தாங்க.

"ஏன்டா, ஒனக்கு மட்டும்தான் வயிறு இருக்கா?"