குப்புறக் கிடந்த அக்காள்

அநியாயம் நடந்தது அக்காளுக்கு. அவள் பெயர் தவ்வை. பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னால் எழுந்து வந்தவள். மூத்தவள், அதனால் மூதேவி என்றும் பெயர். அவளைத்தான் ஓர் ஊரார் கோயிலிலிருந்து தூக்கி வந்து, குளத்துப் படித்துறையில் குப்புறப் போட்டு, முதுகில் அழுக்குத் துணி துவைத்தார்கள்.

ஒரு காலத்தில் அந்த ஊர்க் கோயிலில் அக்காளும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் கையில் தாமரை. அக்காளின் கல்லில் அவளோடு சேர்த்து ஒரு துடைப்பத்தையும் காக்கைக் கொடியையும் செதுக்கியிருந்தார்கள். அறுவடை முடிந்த வீட்டுக்குத் தங்கை போவாள். காய்ச்சல் கண்ட வீட்டுக்கும், பயிர் கருகிய வீட்டுக்கும், பிள்ளை இறந்து பிறந்த வீட்டுக்கும் அக்காள் போவாள். போய்ப் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். அழுகிறவர்கள் தனியாக அழக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

ஊரார் இதைக் கவனித்தார்கள். துக்கம் இருக்கிற வீட்டிலெல்லாம் இவள் இருக்கிறாளே! அப்படியானால் துக்கத்தைக் கொண்டுவருகிறவளே இவள்தான் என்று முடிவுகட்டினார்கள். காய்ச்சல்காரனின் தலைமாட்டில் கஷாயம் இருக்கிறது. கஷாயத்தால்தான் காய்ச்சல் வந்தது என்று யாராவது சொல்வார்களா? கஷாயத்தைச் சொல்லமாட்டார்கள். ஒரு பெண்ணை என்றால் சொல்வார்கள்.

உடைத்துப் போட அவர்களுக்குப் பயம். வைத்துக் கும்பிடவும் பயம். அவள் முகத்தில் விழித்தால் ஆகாது என்று குளத்தங்கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். முதுகு தட்டையாக இருந்தது. துவைக்கத் தோதாக இருந்தது.

காலம் போயிற்று. கல்லுக்கு அடியில் ஒரு முகம் இருப்பது பாதிப் பேருக்கு மறந்துபோனது. பெயர் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு வசவாகப் புழங்கியது.

காலையில் படித்துறையில் யாராவது "மூதேவி!" என்று கத்தினால், மண்ணுக்குள்ளிருந்து தவ்வை, "யாரம்மா கூப்பிட்டது?" என்பாள்.

"சும்மா கிட. உன்னை இல்லை, மருமகளைக் கூப்பிடுகிறார்கள்" என்றது கல்லில் கொடியிலிருந்த காக்கை.

"என் பெயரைத்தானே சொன்னார்கள்?"

"பெயர் உன்னுடையது. அடி அவளுக்கு."

"எனக்கும் அதே கதைதான்" என்றது துடைப்பம். "நான் இல்லாமல் எந்த வீட்டிலும் பொழுது விடிவதில்லை. ஆனால் விருந்தாளி வந்தால் என்னைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். சுத்தம் வேண்டுமாம், சுத்தம் செய்கிறவள் கண்ணில் படக் கூடாதாம். இது என்ன நியாயம்?"

"நியாயம் கேட்கிற இடத்திலா கிடக்கிறோம்? வாயில் சேறு போகிறது, மூடு" என்றது காக்கை.

அந்தப் படித்துறைக்குத் தினமும் வந்த மருமகளின் பெயர் கோமு. தை மாதம் கல்யாணம். வாசலில் வைத்த நெல்லுப் படியைக் காலால் தள்ளிவிட்டு அவள் உள்ளே நுழைந்தபோது, "எங்க வீட்டுக்கு மகாலெச்சுமி வந்துட்டா" என்று மாமியார் பிச்சம்மா ஆரத்தி எடுத்தாள். ஆடியில் மகனுடைய ஜவுளிக்கடை எரிந்துபோனது. கடைக்குள் திருமகள் படத்துக்கு முன்னால் அவன் ஏற்றி அணைக்காமல் விட்ட விளக்கிலிருந்துதான் தீ பிடித்தது. விளக்கை யாரும் வையவில்லை. படத்தையும் வையவில்லை. ஏற்றியவனையும் வையவில்லை. "இவ அடியெடுத்து வச்ச நேரம்" என்றார்கள். மகாலெச்சுமி என்ற அதே வாய் அன்றிலிருந்து மூதேவி என்றது.

"ஏன் மதினி, பிள்ளையை நாலு பேர் முன்னால இப்படி வையுதீக?" என்று ஒருநாள் படித்துறையில் ஒருத்தி கேட்டாள்.

"எங்க அத்தை என்னைய வையாமலா இருந்தா? நான் என்ன, செத்தா போயிட்டேன்?" என்றாள் பிச்சம்மா. அவள் கையிலிருந்த வேட்டி கல்லில் படார் என்று விழுந்தது.

எல்லோரும் போன பிறகு கோமு துவைப்பாள். துவைக்கிற சத்தத்துக்குள் அழுவாள். கண்ணீரும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து கல்லின் முதுகில் வழியும். தவ்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். குப்புறக் கிடந்தாலும் அவள் தன் வேலையை விடவில்லை. வெயிலில் காய்ந்த முதுகின் சூட்டைக் கொஞ்சம் கோமுவின் கைக்குக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஒருநாள் விடியற்காலை குடம் செய்தி கொண்டுவந்தது.

அது கோயில் பித்தளைக் குடம். தங்கையின் அபிஷேகத்துக்குப் பட்டர் தினமும் அந்தப் படியில்தான் தண்ணீர் மொள்வார். புளிபோட்டுத் துலக்கிய மினுக்கு அதன் பேச்சிலும் இருக்கும். அன்று அந்த மினுக்கைக் காணவில்லை.

"அக்கா, கும்பாபிஷேகம் வருகிறது. படித்துறைக்கு வழவழவென்று கறுப்புக் கல் போடப்போகிறார்களாம். பழைய கல்லையெல்லாம் உடைத்து அடியில் கொட்டப்போகிறார்கள்."

"என்னையுமா?" என்றாள் தவ்வை.

"உன் விஷயத்தில்தான் கொஞ்சம் பயம். அதனால் வெள்ளிக்கிழமை உன் தங்கையிடம் பூ வைத்துக் கேட்கிறார்கள். வலது தோளில் ஒரு பூ, இடது தோளில் ஒரு பூ. வலது பூ விழுந்தால் உடைக்கலாம். இடது பூ விழுந்தால் வேண்டாம்."

தவ்வை சொன்னாள்: "அவளிடம் கேள். 'தங்கச்சி, இத்தனை காலமும் என்னைத் திருப்பிப் போடச் சொல்லி நீ ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?' என்று கேள். கோபமாகக் கேட்காதே. சும்மா கேள்."

"கோபமாகவே கேள்!" என்றது காக்கை. "ஊரே அவள் காலடியில் கிடக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிடித்த தெய்வமாக இருப்பது சுகமாக இருக்கிறது, அதுதான் வாயைத் திறக்கவில்லை."

"அவள் சின்னவள்" என்றாள் தவ்வை.

"நெய்ப்பொங்கல் சாப்பிடுகிறவள்" என்றது துடைப்பம்.

குடம் கேள்வியைச் சுமந்துகொண்டு போனது. மறுநாள் வந்தது.

"என்ன சொன்னாள்?"

"ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. கேள்வியைத் தலையோடு ஊற்றினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் ஊற்றியதா, அவளுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மாலைகளைப் போட்டு மூடிவிட்டார்கள்."

வெள்ளிக்கிழமை சந்நிதியில் கூட்டம். தர்மகர்த்தா முன்னால் நின்றார். பிச்சம்மாவும் நின்றாள். தூணுக்குப் பக்கத்தில் கோமு. பட்டர் இரண்டு தோளிலும் பூ வைத்துவிட்டு, "தாயே, கல்லை உடைக்கலாமா? உத்தரவு கொடு" என்றார். குடம் தரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

இடது பூ விழுந்தது.

முதலில் பேசியவர் தர்மகர்த்தா. "காத்து அடிச்சிருக்கும். இன்னொருக்க வையும், சாமி."

காற்றே இல்லை. தீபச்சுடர் அசையாமல் நின்றது. பட்டர் மறுபடி வைத்தார். மறுபடியும் இடது பூ விழுந்தது.

"பூ ஈரமா இருக்கு போலுக்கு. கனம் தாங்கலை" என்றார் தர்மகர்த்தா. "அந்தப் பக்கத்துப் பூவை மாலைக்கடியில நல்லாச் செருகி வையும்."

"இடது பூதான விழுந்துது?" என்றாள் கோமு. சத்தமாகத்தான் சொன்னாள். "ரெண்டு தடவையும் அதான விழுந்துது? தாயார் வேண்டாம்னுதான சொல்லுதா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிச்சம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "ஏட்டி, வாயை மூடு. பெரியவங்க பேசுத இடத்துல உனக்கென்ன பேச்சு? மூதேவி."

பட்டர் தர்மகர்த்தாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இடது பூவை மாலைக்கு அடியில் செருகினார். வலது பூவைத் தோளின் விளிம்பில் வைத்தார். கையை எடுப்பதற்கு முன்பே அது விழுந்தது.

"உத்தரவு கிடைச்சாச்சு!" என்றார் தர்மகர்த்தா. மணி அடித்தார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோமு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். இருட்டிவிட்டதால் மறுநாள் காலையில் உடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

விடிந்ததும் முதல் ஆளாகக் கோமு வந்தாள். துணிமூட்டையைக் கீழே போட்டாள். மண்ணில் புதைந்த முகம் ஆதலால் தேயாமல் அப்படியே இருந்தது. சேற்றை அவள் கையால் வழித்தாள். கன்னம் வந்தது. கண் வந்தது. தொந்தியும் தொங்கிய மார்புமாக, பெற்று வளர்த்து ஓய்ந்த ஒருத்தி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டில் லேசாகச் சிரிப்பு.

"நீ இப்படியா இருக்க?" என்றாள் கோமு. "இந்த முகத்துக்கா இம்புட்டுப் பயந்தாங்க?"

தன் நெற்றியிலிருந்த குங்குமத்தை விரலால் எடுத்து அந்த நெற்றியில் வைத்தாள். பிறகு கல்லின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அன்று அவளுக்குத் துவைக்கிற சத்தம் தேவைப்படவில்லை. வாய்விட்டே அழுதாள்.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு தவ்வை பார்த்த முதல் முகம் அது. "அழு, அழு, நான் இருக்கிறேன்" என்றாள். இருப்பது எவ்வளவு நேரத்துக்கு என்று அவளுக்கும் தெரியும்.

தெருமுனையில் ஆட்களின் பேச்சு கேட்டது. சம்மட்டியைத் தரையில் இழுத்துவரும் சத்தமும் கேட்டது.

அவர்களுக்கு முன்னால் பட்டர் வேகமாக வந்தார். கல்லின் பக்கம் பார்க்காமல் குனிந்து குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினார்.

"வந்துவிட்டாயா?" என்றாள் தவ்வை. "என் தங்கை ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாள், அக்கா. இப்போது நான் புறப்படும்போது, சந்நிதியில் யாரும் இல்லாத நேரத்தில் சொன்னாள்."

காக்கையும் துடைப்பமும் காது கொடுத்தன. குடம் தண்ணீரை விழுங்கிக்கொண்டே, திக்கித் திக்கி, தங்கை சொன்னதை அப்படியே சொன்னது:

"அக்கா, நான் பேசவே இல்லை என்று யார் சொன்னது? உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் பூ வைத்துத்தான் கேட்டார்கள், அன்றும் இடது பூவைத்தான் தள்ளினேன். நேற்றும் அதைத்தான் தள்ளினேன். என்னிடம் கேட்க வருகிறவர்கள் நிறையப் பேர். பதிலைக் கேட்க வந்தவள் உன் மடியில் அழுகிறாளே, அவள் ஒருத்திதான். நான் கொடுப்பதை நிறுத்துகிற அன்றைக்கு எனக்கும் உன் பெயர்தான். உன்னைக் குப்புறப் போட்டார்கள், என்னை நிமிர்த்தி வைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், அக்கா."