மயிலாத்தாளின் கார்டு

எனக்கு மயிலாத்தாளைக் கண்டாலே பொறாமை. ரெண்டு பேரும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில்தான் பிசிறு வெட்டுகிறோம். ஒரே இடத்தில்தான் ஏ.டி.எம். கார்டு நம்பரைக் கொடுத்துக் கடனும் வாங்கினோம். சனிக்கிழமை சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியதும் கடன் கொடுத்தவர்கள் தாங்களாகவே மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பால் வாங்கக்கூட மிஞ்சாது.

அப்படி எடுப்பதை நிறுத்தச் சொல்லி வங்கிக்குப் போனோம். மேனேஜர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"கடன் கொடுத்தவங்க சொன்னாத்தான் நிறுத்த முடியும். போ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நகரவில்லை.

"ஏனுங்க சார், போன வாரம் கணக்குல காசில்லாதப்ப அவங்க எடுக்கப் பார்த்தாங்களே, அந்த அபராதத்தை யாருக்குப் போட்டீங்க?"

"உனக்குத்தான். கார்டு உன் பேர்லதானே இருக்கு?"

"அபராதத்துக்கு மட்டும் என்னுது, நிறுத்தறதுக்கு அவங்களுதுங்களா? அப்ப கார்டை அவங்க பேருக்கே மாத்திருங்க. அபராதத்தையும் அங்கயே வாங்கிக்குங்க. என்ற தவணையை நான் நேர்ல போய்க் கட்டிக்கிறேன்."

வரிசையே சிரித்தது. கார்டுக்காரர் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று முனகிக்கொண்டு மேனேஜர் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்தது என் முறை. அவள் கேட்டதையே நானும் கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைக்கலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே மேனேஜர் எனக்கும் ஒரு படிவத்தை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

எனக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை, பாவி மயிலாத்தாள்.