குளிரின் முதல் நாளில் கதவு ஏன் திறந்திருக்கிறது

பறவையும் நாயும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்குக் கடலில் கெல்ட் மக்கள் வாழ்ந்த ஒரு தீவில் மோர்னா என்றொருத்தி இருந்தாள். நல்லவள்தான். ஆனால் வாய் துடுக்கு. கைக்கும் ஓய்வே கிடையாது.

அவளுக்கு ஒரே அக்கா, பிரீஜித். அம்மா விட்டுப்போன கம்பளிப் போர்வை யாருக்கு என்று ஓர் அறுவடைக் காலத்தில் இருவருக்கும் சண்டை வந்தது. போயும் போயும் ஒரு போர்வைக்கு! "இனிமே என் வாசப்படியை மிதிக்காதே!" என்று கத்திவிட்டாள் மோர்னா. ரோஷக்காரி அக்கா மிதிக்கவே இல்லை. வசந்தத்தில் காய்ச்சல் கண்டு, மூன்றே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மோர்னாவுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. இலையுதிர்காலம் முடிந்து, மாடுகள் மலையிலிருந்து இறங்கி, குளிர்காலம் பிறக்கும் முதல் நாளில், அந்த வருஷம் இறந்தவர்கள் தம் உறவுகளைப் பார்க்க வருவார்கள். சூரியன் மறைவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அதோடு சரி, மறுபடி வரவே மாட்டார்கள்.

"அவ வரட்டும். கையைப் பிடிச்சுக்கிட்டு, சொன்னதெல்லாம் தப்புன்னு சொல்லிடறேன்" என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. வீட்டைப் பெருக்கினாள், கணப்பை மூட்டினாள், ரொட்டி சுட்டாள், வெண்ணெய் எடுத்து வைத்தாள். உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? மாட்டாள். முட்புதரில் காய்க்கும் கறுப்புப் பழம் என்றால் அக்காவுக்கு உயிராயிற்றே! கூடையைத் தூக்கிக்கொண்டு புதருக்கு ஓடினாள்.

அங்கே மார்பு சிவந்த சின்னக் குருவி ஒன்று பழம் கொத்திக்கொண்டிருந்தது.

"மோர்னா, வெயில் இறங்குது பாரு. பறிச்சது போதும், வீட்டுக்குப் போ."

"உனக்குப் பழம் தீர்ந்துபோகுதேன்னு வயிற்றெரிச்சல்!"

"எனக்கென்ன, அடுத்த புதருக்குப் போவேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வர்றவங்க உன்னைப் பார்க்கத்தானே வர்றாங்க?"

"வெறும் ரொட்டியையா என் அக்கா முன்னால வைக்கச் சொல்றே? இன்னும் ஒரே ஒரு கைப்பிடி."

அந்த ஒரு கைப்பிடி எந்தக் காலத்தில் ஒன்றோடு நின்றிருக்கிறது? விருந்தாளியைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு அடுப்படியிலேயே கிடப்பவர்கள் நம்மிலும் இல்லையா என்ன! கூடை நிறைந்து அவள் நிமிர்ந்தபோது சூரியன் பாதி கடலுக்குள் இறங்கியிருந்தது. பழம் சிதறச் சிதற ஓடினாள்.

வாசலில் நாய் தலையைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது.

"அக்கா வந்தாளா?"

"வந்தாங்க. மத்தியானத்திலிருந்து இங்கேதான் நின்னாங்க."

"நின்னாளா? உள்ளே கணப்பு எரியுது, கதவும் திறந்துதானே இருக்கு?"

"நானும் உள்ளே வாங்கன்னு சொன்னேன். 'என்னை வரக்கூடாதுன்னு சொன்னவ வந்து கூப்பிடட்டும், காத்திருக்கேன்'னாங்க. குளிர்ல நடுங்கிக்கிட்டே புதர்ப் பக்கமே பார்த்துக்கிட்டிருந்தாங்க. இப்பத்தான், சூரியன் இறங்கவும் கடல் பக்கமா போயிட்டாங்க."

மோர்னா கூடையைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினாள். "அக்கா! வா அக்கா! உள்ளே வா!" தொண்டை கட்டும்வரை கத்தினாள். யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு?

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஒரு வேலையும் தொடவில்லை. கணப்பருகே சும்மா உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வெட்கத்தை விட்டுச் சொன்னாள்: "நான் பாவி. பழத்துக்குப் போனேன், அக்காவை விட்டுட்டேன். நீங்களாவது வீட்டிலே இருங்க."

அதிலிருந்துதான் அந்தத் தீவில், குளிர்காலம் பிறக்கும் நாளில் மத்தியானத்தோடு எல்லோரும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். புதரில் மிஞ்சிய பழத்தை யாரும் தொடுவதில்லை. கதவைத் திறந்துவைத்துப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் யாரும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், வீட்டில் ஒருவர் எழுந்துபோய், "வா, உள்ளே வா" என்று சொல்லிவிட்டு வருகிறார்.