எண்டருக்கு ஐந்து விநாடி

"டீச்சர், என் டெர்மினல் ரொம்ப மெதுவா இருக்கு."

"எவ்வளவு மெதுவா?"

"ஒரு கட்டளை அடிச்சு எண்டரைத் தட்டினா, அடுத்தது அடிக்க அஞ்சு செகண்ட் உக்காந்திருக்கணும்."

"எப்ப இருந்து?"

தங்கப்பழம் யோசிப்பதுபோல மேலே பார்த்தார்.

"கொஞ்ச நாளா."

ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது. தங்கப்பழத்துக்கு ஐம்பத்து நான்கு. உப்புக் கம்பெனி ஆபீசில் இருபத்தாறு வருஷம் டைப் அடித்துவிட்டு, அந்த வேலை போன பிறகு ஜெசிந்தாவிடம் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர்.

தூத்துக்குடியில், படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஒரு புரோகிராமைப் பார்த்துக்கொண்டார்கள். கரையோர ஊர்களுக்குக் காற்றும் அலையும் எப்படி என்று போனில் தமிழில் சொல்லும் புரோகிராம் அது. யார் எங்கே திருத்தினாலும் ஜெசிந்தா பார்ப்பார். சரியாக இருந்தால் சர்வரில் சேர்ப்பார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்புவார்.

முதலில் வந்தவர் தங்கப்பழம். ஒரு வருஷம் கழித்து மீரான் வந்தார். ஐஸ் பேக்டரியில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்பது வயது, இரண்டு விரலால் டைப் அடிப்பவர்.

இரண்டு விரல்.

அதைத்தான் தங்கப்பழத்தால் தாங்க முடியவில்லை.

"மெமரி கூட்டிப் போட்டாச்சு டீச்சர். டிஸ்க்கையும் மாத்தியாச்சு. அப்படியேதான் இருக்கு. மீரானுக்கு மட்டும் எப்படி பறக்குது? நீங்க ஏதும் செட் பண்ணிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"கேட்டேன், அவ்வளவுதான்."

"நாளைக்கு மெஷினைக் கொண்டு வாங்க."

மறுநாள் காலையில் கிளம்புவதற்கு முன் தங்கப்பழம் மடிக்கணினியைத் திறந்தார். டெர்மினல் என்கிற அந்தக் கட்டளைத் திரை, திறக்கும்போதெல்லாம் முதலில் படிக்கும் கோப்பு ஒன்று உண்டு. அவரவர் வசதிக்கு அதில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புக்குள் போய் ஒரே ஒரு வரியை அழித்தார்.

பிறகு பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஜெசிந்தா எண்டரைத் தட்டினார். உடனே அடுத்த வரி வந்தது. மறுபடி தட்டினார். பத்துத் தடவை தட்டினார்.

"நல்லாத்தான இருக்கு."

"வீட்ல மெதுவா இருக்கு டீச்சர்."

"வீட்ல வேற என்ன இருக்கு?"

தங்கப்பழம் பையைத் திறந்து பிடித்தார். ஜெசிந்தா மடிக்கணினியை மூடி, இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தங்கப்பழம் வேலைக்கு உட்கார்ந்தார். டெர்மினல் வேகமாகத்தான் இருந்தது. இருபது நிமிஷம் வேலை பார்த்தார்.

அதற்கு மேல் முடியவில்லை.

அழித்த வரியைத் திரும்ப எழுதினார். மனப்பாடமாகவே இருந்தது.

ஒவ்வொரு தடவை எண்டரைத் தட்டும்போதும் சர்வருக்குப் போ. மீரானின் திருத்தங்களில் இதுவரை எத்தனை சேர்ந்திருக்கிறது என்று எண்ணு. அந்த எண்ணைத் திரையின் ஓரத்தில் காட்டு. அதுதான் அந்த வரி.

எழுதிய புதிதில் எண் பதினொன்று. அப்போது தங்கப்பழத்துடையது நாற்பது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. எண்ணிவர ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

இப்போது எண் நானூற்று எட்டு.

தம்முடைய எண்ணை அவர் பார்ப்பதை விட்டு நாளாயிற்று.

அந்தச் சனிக்கிழமை ஒரு தவறு நடந்தது. பலத்த காற்று வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கையைப் புரோகிராம் ஓர் ஊரின் பெயருக்குப் பதில் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி அனுப்ப இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு எச்சரிக்கை போய்விடும். அதற்குள் பெயரைத் திருத்த வேண்டும். வேலை தங்கப்பழத்துடையது. பத்து நிமிஷ வேலை.

திருத்தம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணியாகி ஆறு நிமிஷம்.

எச்சரிக்கை கேட்க வேண்டிய ஊரிலிருந்து ஏழு படகுகள் கடலுக்குப் போயிருந்தன. சாயங்காலத்துக்குள் ஏழும் திரும்பிவிட்டன. ஒரு படகில் வலை போயிற்று. ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை தங்கப்பழம் படியேறி வந்தார்.

"நான் என்ன செய்ய டீச்சர்? ஒவ்வொரு கட்டளைக்கும் அஞ்சு செகண்ட். அன்னைக்கு எத்தனை கட்டளை அடிச்சிருப்பேன். மெஷின் என்னைக் கவுத்திருச்சு."

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து மேஜையில் இருந்த மீரான் பக்கம் திரும்பினார்.

"மீரான் பாய், அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அந்த மெஷினைப் பாருங்க. வீட்ல வச்சே பாருங்க."

"மீரானா?" தங்கப்பழத்தின் குரல் உயர்ந்தது. "வேண்டாம் டீச்சர். நான் இங்க கொண்டு வாரேன். நீங்க பாருங்க."

"நான் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"நாளைக்குப் பாக்கலாம்."

"இப்பவே போங்க."

மீரான் பைக் சாவியை எடுத்துக்கொண்டார்.

பின்னால் உட்கார்ந்து போகும்போது தங்கப்பழம் மீரானின் தோளைப் பிடிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழியில் ஒரு கடை முன்னால் நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தார். நிறுத்தி என்ன செய்ய? மெஷின் வீட்டில் இருந்தது.

வீட்டில் மீரான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்டரைத் தட்டிவிட்டு விரலால் மேஜையில் எண்ணினார்.

"அஞ்சு இருக்கு அண்ணாச்சி."

"சொன்னேன்லா."

பிறகு மீரான் டெர்மினலை வேறு விதமாகத் திறந்தார். அந்த முதல் கோப்பைப் படிக்காமலே திறக்கும்படி. எண்டரைத் தட்டினார். உடனே வந்தது.

"மெஷின்ல குத்தம் இல்ல. கோப்புலதான் இருக்கு."

"அதுல ஒண்ணும் இருக்காது பாய். எல்லாம் பழைய வரி."

"பாதி பாதியா நிறுத்திப் பாக்கேன். அகப்பட்டுரும்."

கோப்பில் நூற்றுப் பன்னிரண்டு வரி. மீரான் மேல் பாதியை நிறுத்தி வைத்துவிட்டுத் தட்டினார். ஐந்து விநாடி. அப்படியென்றால் கீழ்ப்பாதியில் இருக்கிறது. அதில் பாதியை நிறுத்தினார். ஐந்து விநாடி.

இரண்டு விரல்தான். ஓர் எழுத்துகூடப் பிழையாகவில்லை. தங்கப்பழம் அந்த இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றார்.

பதினான்கு வரி. ஏழு வரி. மூன்று.

"பாய், டீ சாப்பிட்டுட்டுப் பாக்கலாமே."

"இந்தா, முடிஞ்சிருச்சு."

ஒரு வரி.

மீரான் அதைப் படித்தார். நடுவில் அவருடைய பெயர் இருந்தது. இன்னொரு தடவை, முதலிலிருந்து படித்தார்.

தெருவில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இது ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து எண்ணுது அண்ணாச்சி," என்றார் மீரான். குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை. "ரெண்டு வருஷத்தையும் சர்வர்ல போய் எண்ணிட்டு வந்துதான் உங்களை அடிக்க விடுது."

"ஆமா."

"எண்ணிக்கை கூடக் கூட நேரமும் கூடத்தான செய்யும்."

"ஆமா."

மீரான் அந்த வரிக்குப் பதிலாக நான்கு வரி எழுதினார். எழுதும்போதே சொன்னார். எண்ணியது வரைக்கும் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். புதிதாகச் சேர்ந்ததை மட்டும் பின்னால் தனியாக எண்ணிக்கொள்ளும். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

"இப்ப அடிங்க."

தங்கப்பழம் குனிந்து எண்டரைத் தட்டினார்.

மீரான் 412.

விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

மீரான் எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தார். "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

தங்கப்பழம் உட்கார்ந்து தட்டினார். மீரான் 412. தட்டினார். மீரான் 412. வேலையைத் தொடங்க நினைத்தார். முதல் கட்டளைக்கு நாலைந்து எழுத்து அடித்துவிட்டு நிறுத்தினார். மீண்டும் எண்டரைத் தட்டினார்.

மீரான் 413.

ரோட்டில் போகிறபோதே போனில் எதையோ திருத்தி அனுப்பியிருக்கிறான். ஜெசிந்தாவும் உடனே சேர்த்துவிட்டார்.

மடிக்கணினியை மூடாமலே எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அறையில் ஜெசிந்தா தனியாக இருந்தார்.

"சரியாயிருச்சா?"

"ஆச்சு டீச்சர். தட்டுமுன்ன வருது."

"நல்லது."

தங்கப்பழம் உட்காரவில்லை. போகவும் இல்லை.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"சர்வர்ல எல்லாம் பதிவாகும். உங்க மெஷின்ல இருந்து ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் தடவை ஒரே கேள்வி வரும்."

தங்கப்பழம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் படகுக்காரர் தோளு எப்படி இருக்காம்?"

"கட்டுப் போட்டிருக்கு. ரெண்டு மாசம் கடலுக்குப் போக முடியாதாம்."

கீழே கடையில் யாரோ ஓர் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அது நின்றதும் தங்கப்பழம் பேசினார்.

"அவன் தன் பேரைப் பாத்தான் டீச்சர். ரெண்டு தடவை படிச்சான். ஒரு வார்த்தை சொல்லல. அந்த வரியைத் தூக்கிப் போட்டிருக்கலாம்லா? உக்காந்து வேகமாக்கிக் குடுத்துட்டுப் போயிருக்கான். ஏன் டீச்சர் எடுக்கல?"

ஜெசிந்தா திரையிலிருந்து திரும்பினார்.

"நீங்க எடுக்கச் சொன்னீங்களா, அண்ணாச்சி?"