மேட்டுல துண்டு வீசின நாச்சாத்தா

ஒரு ஊர்ல ஒரு மணல்மேடு இருந்துச்சாம். கடலோரத்து ஊரு. ம் சொல்லு, இல்லேன்னா சித்தி நிறுத்திடுவேன்.

"ம்."

வருஷத்துல ஒரே ஒரு நாள் அந்தக் கரையை ஒட்டி சாளை மீன் கூட்டம் போகும். சலசல சலசலன்னு, ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு. மழைக்காலம் பூரா அரை வயித்துக் கஞ்சி குடிச்ச ஊரு அது. அந்த நாளை விட்டா அடுத்த வருஷந்தான். அதனால சவரியம்மான்னு ஒருத்தி ஊருக்காக மேட்டு மேல நின்னு கடலையே பாத்துக்கிட்டிருப்பா. மீன் தெரிஞ்சா துண்டை வீசுவா. உடனே படகு வலையோட ஒரு அரைவட்டம் போடும், ஊரே கரையில நின்னு இழுக்கும்.

அப்போ ஈரோட்டுலேருந்து நாச்சாத்தான்னு ஒருத்தி லீவுக்கு வந்தா. தையல்காரி. கடல்ல கால் நனைக்கவே பயம். சவரியம்மா கஞ்சி குடிக்க இறங்கின நேரமாப் பாத்து மேட்டுல ஏறினா. கடல்ல ஆமை ஒண்ணு மொதுக்குன்னு தலையைத் தூக்குச்சு. இவளுக்கு சந்தோஷம் தாங்கல. சவரியம்மா வெச்சுட்டுப் போன துண்டை வீசி ஆமைக்கு டாட்டா காட்டிட்டா.

படகு ஓடுச்சு. இழுத்தாங்க, இழுத்தாங்க, வெறும் பாசி. மீன் வலைக்கு நழுவிடுச்சு, திரும்ப வரும்னு நெனச்சாங்க.

அப்புறம் மறுநாள் ஓங்கில் மீன், டால்பின்னு சொல்வாங்களே அது, தொபுக்குன்னு குதிச்சுது. மறுபடியும் டாட்டா. மறுபடியும் படகு. இந்தத் தடவை பாறையில மாட்டி வலை சர்ருன்னு கிழிஞ்சுது. அப்போதான் துண்டு வீசினது நாச்சாத்தா, அதுவும் டாட்டா காட்டன்னு ஊருக்குத் தெரிஞ்சுது.

"ஏம்மா, எங்க சோத்துல வெளையாடுற?"

சவரியம்மா அவ்வளவுதான் கேட்டா. நாச்சாத்தாவுக்கு அழுகையா வந்துச்சு, பாவம். தூங்கிட்டியா?

"...ம்."

மூணாம் நாள் மத்தியானம் சவரியம்மா கீழ உக்காந்து கிழிசலைப் பின்னி முடிச்சா. மேட்டுல நாச்சாத்தா மட்டும். அப்போ தண்ணிக்குள்ள மேக நெழல் மாதிரி கறுப்பா ஒண்ணு நகந்து வந்துச்சு. வானத்துல மேகமே இல்ல. துண்டை வீசினா, வீசினா, கை வலிக்க வீசினா.

"டாட்டா காட்டுறா, விடுங்க"ன்னாங்க. ஒருத்தரும் எந்திரிக்கல.

அப்புறம் என்ன பண்ணினா தெரியுமா? குடுகுடுன்னு இறங்கி கடலுக்குள்ள போயிட்டா. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அவளைச் சுத்தி வெள்ளி வெள்ளியா மீனு.

"ஏனுங்க, சேலைக்குள்ள எல்லாம் மீனுங்க!"

"தள்ளுங்கய்யா படகை"ன்னா சவரியம்மா. வலை சுத்தி வந்துச்சு. "வெளிய வாம்மா, வலை மூடப் போவுது."

"அசைஞ்சா மீன் ஓடிருமுங்க."

அசையவே இல்ல. அவளையும் சேத்துதான் இழுத்தாங்க. கரையில லட்சம் மீனுக்கு நடுவுல நாச்சாத்தா. சவரியம்மா அவ தலையிலேருந்து ஒரு மீனை எடுத்தா.

"பயமா இல்லியா?"

"இருந்துச்சுங்க. கிச்சுகிச்சு மூட்டிச்சு, மறந்துட்டேன்."

ராத்திரி ஊரே வயிறாரச் சாப்பிட்டுச்சு. சவரியம்மா மொத மீனை வறுத்து, நாச்சாத்தா தட்டுல வெச்சுட்டுத்தான் தான் சாப்பிட உக்காந்தா.

வலை கரைக்கு வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. நீ ம் சொல்றதை எப்பவோ நிறுத்திட்ட. தூங்கு.