வலப்பக்கம் இழுத்த வண்டி

ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்திராதவர்களுக்கும் இந்தக் கதையின் விடை கிடைக்கும். யார் தலையிலாவது சட்டென்று பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் பாலிடெக்னிக். திருச்சியில் நடக்க இருந்த ரோபோப் போட்டிக்காக அங்கே ஒரு வண்டி செய்தார்கள். ஒரு முழ அகலமுள்ள பலகைப் பாலத்தின்மேல் அது நேராகப் போக வேண்டும், திரும்பாமல் பின்னோக்கியே வர வேண்டும். விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

வண்டிக்குப் படம் வரைந்தவர் பணிமனை ஆசிரியர் தவசிமணி. சுவரில் துளை போடும் பேட்டரி டிரில் இரண்டை, ஒரே கடையில் ஒரே மாதிரியாகப் பார்த்து வாங்கியவரும் அவரே. மோட்டாரையும் கியர்பாக்ஸையும் கழற்றி, இடச் சக்கரத்துக்கு ஒன்றும் வலச் சக்கரத்துக்கு ஒன்றுமாக, முதுகோடு முதுகு வைத்துப் பூட்ட வேண்டும் என்பது படம். அந்த வகை டிரில், சுவருக்குள் இறங்கும் திருப்பத்தில் முழு வேகத்தில் சுற்றும். எதிர்த் திருப்பம் மாட்டிக்கொண்ட பிட்டை, அதாவது துளையிடும் கம்பியை, உருவுவதற்கு மட்டும்தான், அதில் வேகம் சற்றுக் குறைவு.

டிரில்லுக்குள் ஒரு கிளட்ச் உண்டு. பாரம் கூடினால் அது நழுவிக்கொடுத்துப் பிடித்திருப்பவர் கையைக் காப்பாற்றும். வண்டிக்கு அந்தக் கருணை ஆகாது. ஆகவே மாணவிகளில் நாச்சம்மை ஒரு கியர்பாக்ஸையும் ஜெசிந்தா இன்னொன்றையும் பிரித்து, கிளட்ச்சின் சுருள்வில்லை எடுத்துவிட்டு, நழுவும் வளையத்தைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். நாச்சம்மை ஆறு திருகாணி போட்டாள். ஜெசிந்தா மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். சட்டமும் சக்கரங்களும் மூன்றாமவள் மும்தாஜின் வேலை.

வண்டி ஓடியது. ஆனால் வலச் சக்கரம் பின்தங்கியே வந்ததால் வலப்பக்கமாகவே இழுத்து, பாதிப் பாலத்தில் தொப்பென்று விழுந்தது. வலப்பக்கம் இருந்தது ஜெசிந்தாவின் கியர்பாக்ஸ்.

போட்டிக் களத்துக்குள் மூன்று பேருக்குத்தான் அனுமதி. ஆசிரியரோடு சேர்த்து இவர்கள் நால்வர். தவசிமணி தீர்ப்புச் சொன்னார்: "தப்பு யாரோடதோ அவங்க வெளிய நிக்கட்டும். மத்த மூணு பேரு உள்ள போவோம்." அந்த மூவரில் முதல் ஆளாகத் தன்னை அவர் எண்ணிக்கொண்டார்.

ஆறு வாரம் கிரீஸில் ஊறிய கையைப் பார்த்தபடி நின்றாள் ஜெசிந்தா.

"மூணு பத்தாதுடின்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள் நாச்சம்மை.

"சொன்ன, இல்லைங்கல. ரெண்டையும் இடம் மாத்திப் பூட்டிப் பாப்போம். என்னோடது கெட்டதுன்னா இப்ப இடப்பக்கம் இழுக்கணும். இழுத்தா நானே வெளிய நின்னுக்கிறேன்," என்றாள் ஜெசிந்தா.

மாற்றிப் பூட்டினார்கள். ஆறு திருகாணிக் கியர்பாக்ஸ் வலப்பக்கம் வந்தது. வண்டி அப்போதும் வலப்பக்கமே இழுத்தது. அடுத்த நிமிடமே நாச்சம்மையும் ஜெசிந்தாவும் ஒன்றாகச் சேர்ந்து, சட்டம் கோணல் என்று மும்தாஜ் பக்கம் திரும்பினார்கள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிக்கொண்டே மும்தாஜ் வண்டியைப் பின்னோக்கி ஓட்டினாள். சட்டமோ சக்கரமோ கோணல் என்றால் பின்னால் வரும்போதும் வலச் சக்கரம்தான் தங்க வேண்டும். தங்கியது இடச் சக்கரம்.

"அப்ப மூணு பேருமே சரியாச் செய்யல," என்றார் தவசிமணி. தீர்ப்பு எத்தனை சுலபம், பாருங்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தவறு யாருடையது? களத்துக்கு வெளியே நிற்க வேண்டியவர் யார்?

விடை: முதுகோடு முதுகாக வைத்த இரண்டு மோட்டார்களும் ஒரே திருப்பத்தில் சுற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். நேராகப் போக வேண்டுமானால் ஒன்று எதிர்த் திருப்பத்தில் சுற்றியே ஆக வேண்டும், அதில்தான் வேகம் குறைவு. முன்னே போகும்போது அந்தக் குறை வலப்பக்கத்துக்கு, பின்னே வரும்போது இடப்பக்கத்துக்கு. யாருடைய கியர்பாக்ஸை எங்கே பூட்டினாலும் இதுதான் கதி. ஆறு திருகாணியும் சரி, மூன்றும் சரி, சட்டமும் நேர். தவறு அந்த டிரில்லை வாங்கி, அப்படிப் படம் வரைந்தவருடையது. மும்தாஜ் இதைச் சொன்னபோது தவசிமணி படத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த அனுமதிச் சீட்டை எடுத்து ஜெசிந்தாவிடம் கொடுத்தார். அந்தந்தத் திசையில் வேகமாகச் சுற்றும் பக்கத்தின் வேகத்தை ரிமோட்டில் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு, திருச்சியில் மூன்று பெண்களும் உள்ளே போனார்கள். வண்டி பாலத்தைத் தாண்டித் திரும்பி வரும்வரை, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர் தவசிமணி.